வாடிப்பட்டி ரோட்டில் நாற்பத்தைந்து கிலோ

மணி இரவு இரண்டு இருபது. சமயநல்லூர் தாண்டி வாடிப்பட்டிக்குப் போகிற ரோடு. வலது பக்கம் சிறுமலை... இருட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இருட்டாக. இடது பக்கம் அறுத்துப்போட்ட வயல். ஒரு நாய்கூடக் கிடையாது. அந்த நேரத்தில் நாய்க்கு அங்கே என்ன வேலை.

அந்த ரோட்டில் நம்பர் பிளேட் இல்லாத ஒரு கார் வந்துகொண்டிருந்தது.

கொஞ்சம் நெருக்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்ல முடியாது, வார்டன் அறை நேர் கீழே. கரண்ட் வருகிற வரைக்கும்தான் கதை. வந்துவிட்டால் எல்லாரும் ஓடிப்போய்ப் படிக்க ஆரம்பித்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இது நம் ஆரிப்பின் பெரியத்தாவுக்கு நடந்தது. அவனுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அண்ணன். பெயர் ஜலீல். ஆரிப் இந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். அவன் இங்கே இருந்தால் இதைச் சொல்லவே மாட்டேன்.

செல்லூரில் ஒரு சந்துக்குள் ஜலீல் பாய்க்கு டிங்கர் பட்டறை. நசுங்கிய கதவு, மடங்கிய மட்கார்டு, பஸ் முத்தம் கொடுத்த பம்பர்... எல்லாவற்றையும் தட்டி நிமிர்த்துகிற வேலை. வயது அறுபத்தொன்று. மனைவி ஜெயினம்பு மவுத்தாகி ஐந்து வருஷம். மகள் சுஃபியா ஷார்ஜாவில். வெள்ளிக்கிழமை வீடியோ காலில் வருவாள், நெட்வொர்க் இருந்தால். பத்து மணிக்குத் தறிச் சத்தம் நின்றுபோகும். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் கேட்பது அவர் தட்டு கழுவுகிற சத்தம் மட்டும்தான். ஒரே ஒரு தட்டு. கழுவி முடிக்க எம்புட்டு நேரம் ஆகிவிடப் போகிறது.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்தக் கார் வந்தது.

ஆல்ஃபா ரோமியோ ஜிடிஏ. அறுபதுகளில் இத்தாலிக்காரர்கள் ரேஸுக்கென்றே செய்தது. கடைசியில் வருகிற அந்த 'ஏ' எழுத்துக்கு 'எடை குறைத்தது' என்று அர்த்தமாம். வெளித்தகடு முழுக்க அலுமினியம். கண்ணாடி இருக்க வேண்டிய ஜன்னலில் பிளாஸ்டிக். நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக். மொத்த எடை எழுநூற்று நாற்பத்தைந்து கிலோ. நம் காலேஜ் ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் போட்ட மாலையையும் பொன்னாடையையும் சேர்த்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும்.

இன்னொன்று. அது வெளிநாட்டு வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலில் எஸ்டேட் வைத்திருக்கிற விக்ரம் என்பவருடைய கார். அவர் தாத்தா வாங்கியது. ஐம்பது வருஷமாக ஷெட்டுக்குள் கிடந்தது. விக்ரம் அதைத் தூசி தட்டி வெளியே எடுத்தபோது சென்னையிலிருந்து பழைய கார் நிபுணர்கள் இரண்டு பேர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது போலி சார்" என்றார்கள். சாதாரண இரும்புக் காரில் ஜிடிஏ முத்திரையை ஒட்டியிருக்கிறார்களாம்.

அப்போது ஜலீல் பாய் பக்கத்தில் நின்றார். நசுங்கிய ஒரு கதவைப் பார்க்கத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கருத்துச் சொல்லக் கூப்பிடவில்லை. ஆனால் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து பானட்டில் வைத்தார். காந்தம் வழுக்கிக் கீழே விழுந்தது.

"அசல்தான் தம்பி" என்றார். "மேல கெடக்குற குப்பையெல்லாம் கழட்டிட்டு எடை போட்டுக் காட்டுறேன். எழுநூத்தி நாப்பத்தஞ்சு வரலேன்னா, இனிமே சுத்தியலத் தொட மாட்டேன்."

நாற்பது வருஷத்தில் அவர் சொன்ன முதல் பெரிய வார்த்தை அதுதான் என்று ஆரிப் சொல்வான். நிபுணர்கள் சிரித்தார்கள். கம்ப்யூட்டர் எடை மேடைச் சீட்டு கொண்டுவந்தால் ஒத்துக்கொள்கிறோம் என்றார்கள். விக்ரம் ஒரு மாதம் கொடுத்தார். அதற்குள் சீட்டு வந்தால் கார் அசல் என்று சென்னைக் கண்காட்சிக்குப் போகும். வராவிட்டால் போலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஜலீல் பாயின் சுத்தியலும் அத்தோடு சரி.

வேலை ஆரம்பித்தது. ஷெட்டுக்குள் போவதற்கு முன்பே யாரோ ஒரு புண்ணியவான் அந்த ரேஸ் காரைக் கல்யாணக் காராக மாற்ற முயன்றிருக்கிறார். முன்னும் பின்னும் இரும்பு பம்பர், வெல்வெட் மெத்தை, பின்னால் இரண்டு ஸ்பீக்கர், தரையில் விரல் தடிமனுக்குத் தார். ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற, ராத்திரியில் கொண்டுபோய் எடை போடுவார். பகலில் முடியாது, நம்பர் பிளேட் இல்லை, சத்தமும் அப்படி. வாடிப்பட்டிக்கு முன்னால் ரோட்டோரம் ஓர் எடை மேடை உண்டு. இரண்டு மணிக்கு மேல் லாரி வராது.

எடை மேடையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தரைமட்டத்தில் நீளமாக ஓர் இரும்புத் தகடு. பக்கத்தில் ஒரு கண்ணாடி கேபின். வெளியே சிவப்பு எண் பலகை. லாரி ஏறி நின்றதும் டிரைவரும் கிளீனரும் இறங்கி மேடைக்கு வெளியே நிற்க வேண்டும். 'ஆள் இறக்கி' எடை போடுவது என்று பெயர். ஆள் இறங்காவிட்டால் மைக்கில் திட்டு விழும்.

அங்கே ராத்திரி வேலை விருமாண்டி என்பவருக்கு. ஐம்பது வயது, மீசை பெரிது, மனசு மட்டும் சாது. கேபினில் ஒரு கரண்ட் அடுப்பு, ஒரு ரேடியோ, ஒரு நாற்காலி. பேச ஆள் இல்லாமல் லாரிக்காரர்களோடு மைக்கில் குடும்ப விஷயம் பேசுகிறவர்.

முதல் ராத்திரி, எண்ணூற்று எழுபது. பம்பரைக் கழற்றியதும் எண்ணூற்று முப்பத்தைந்து. தார் போனதும் எழுநூற்றுத் தொண்ணூறு.

அதோடு நின்றுவிட்டது.

ஸ்பீக்கர் ஒயர் வரைக்கும் உருவி எறிந்துவிட்டார். இனிமேல் கழற்ற அதில் ஒன்றுமே இல்லை. எழுநூற்றுத் தொண்ணூறு. மறுநாள், எழுநூற்றுத் தொண்ணூறு. அதற்கு மறுநாளும்.

"மெஷின்ல கோளாறு இருக்குமோ விருமாண்டி?"

விருமாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. "மெஷினச் சொல்லாதீக பாய். வண்டிய எறக்கி நிப்பாட்டுங்க. நீங்க மட்டும் ஏறி நில்லுங்க."

ஜலீல் பாய் அத்தனை நீள இரும்புத் தகட்டின் நடுவில் தனியாக ஏறி நின்றார். சிவப்பு எழுத்தில் அறுபத்தைந்து என்று வந்தது. மறுநாள் டாக்டர் வீட்டு மெஷினிலும் அறுபத்தைந்து. எடை மேடை பொய் சொல்லவில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தார். கீழமாசி வீதி மொத்தக் கடையில் மூட்டை நிறுக்கிற தராசு நான்கு இரவல் வாங்கி, பட்டறையில் ஒவ்வொரு சக்கரத்துக்குக் கீழேயும் ஒன்று வைத்தார். ஆரிப்தான் கூட்டிச் சொன்னான். எழுநூற்று நாற்பத்தைந்து.

பகலில், செல்லூரில், எழுநூற்று நாற்பத்தைந்து. ராத்திரியில், வாடிப்பட்டி ரோட்டில், எழுநூற்றுத் தொண்ணூறு.

மூட்டைத் தராசு நிபுணர்களுக்குச் செல்லாது. சீட்டு வேண்டும்.

ஜலீல் பாய்க்குச் சில சின்ன விஷயங்கள் கண்ணில் பட்டிருந்தன. அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சமயநல்லூர் தாண்டியதும் வலது பக்கத்து பிளாஸ்டிக் ஜன்னலில் மட்டும் மூச்சுப் பட்ட மாதிரி பனி படியும். உள்பக்கம். துடைத்தால் மறுபடி படியும். பாச்சா உருண்டை வாசம் வரும்... பீரோவில் நெடுநாள் மடித்து வைத்த சேலையை எங்கேயோ போவதற்காக எடுத்துக் கட்டினால் வருமே, அந்த வாசம். வலது சீட்டின் ரெக்ஸின், வளைவில் திரும்பும்போது 'ஸ்...' என்று ஒரு சத்தம் கொடுக்கும். காலி சீட் அப்படிச் சத்தம் போடாது என்பது டிங்கருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் அவர் யோசிக்கவில்லை.

ஏனென்றால் அந்த ரோட்டில் அவர் பேச ஆரம்பித்திருந்தார்.

தனக்குத்தானேதான். சுஃபியாவின் மகனுக்குத் தமிழ் வரவில்லை என்பதை. ஜெயினம்பு செய்கிற கறிக்குழம்பில் என்ன போட்டாள் என்று கேட்காமலே விட்டதை. கதவு ஒன்றை நிமிர்த்தும்போது உலோகம் எந்த இடத்தில் 'சரி, விடு' என்று சொல்லும் என்பதை. போக அரை மணி, வர அரை மணி. "நல்லாத்தான் இருந்துச்சு, எட்டு பிளக் சத்தத்துக்குள்ளயும் யாரோ காது குடுத்துக் கேக்குற மாதிரி" என்று பின்னால் ஆரிப்பிடம் சொல்லியிருக்கிறார்.

கெடு முடிகிற கடைசி ராத்திரி வந்தது. விடிந்தால் ஆறு மணிக்கு காரை ஏற்றிப் போக லாரி வரும். மார்கழி மாதம். ஜலீல் பாய் வலது சீட்டைக் கழற்றி அடித்தளத்தில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டிருந்தார். அடியில் யாரோ ரகசியமாக இரும்புத் தகடு வைத்திருக்க வேண்டும், வெட்டித்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு. வெட்டினால் அசல் காரின் அசல் தரை போயிற்று. கட்டரைக் கையில் எடுத்து... கீழே வைத்துவிட்டு, சீட்டைத் திரும்ப மாட்டினார். ஒரே ஒரு தடவை கடைசியாக எடை போட்டுப் பார்ப்போம், குறையாவிட்டால் வந்து வெட்டுவோம்.

அந்த ராத்திரிதான் நான் முதலில் சொன்னது. இரண்டு இருபது.

மேடையில் ஏறி, கியரில் போட்டு நிறுத்தி, இடது கதவைத் திறந்து இறங்கி, மேடைக்கு வெளியே வந்து நின்றார். பலகையைப் பார்த்தார்.

எழுநூற்றுத் தொண்ணூறு.

அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். விருமாண்டிக்குப் பொறுக்கவில்லை. கேபினை விட்டு வெளியே வந்தார். வந்து, காரின் வலது பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பாய்... தப்பா நெனச்சுக்கிராதீக. வண்டி ஓட்டுறவுகளையும் ஒருக்கா எறங்கச் சொன்னா என்ன?"

"எறங்கித்தானப்பா நிக்கிறேன்."

"நீங்க இல்ல பாய். அவுக."

"எவுக?"

"வலது பக்கம் உக்காந்திருக்காகள்ல... ஓட்டுறவுக."

ஜலீல் பாய் மெதுவாக எழுந்தார்.

"விருமாண்டி, இது வெளிநாட்டு வண்டி. ஸ்டியரிங் இந்தப் பக்கம். ஓட்டுறது நான்தான்."

மார்கழிப் பனியில் எங்கேயோ ஓர் ஆட்காட்டிக் குருவி கத்தியது. ஒரு தடவை. பிறகு அதுவும் நிறுத்திக்கொண்டது.

விருமாண்டி சொன்னது அப்படியே: "மொத நாளே பாத்தேன் பாய். முக்காடு போட்டு, நேரா ரோட்டப் பாத்து உக்காந்திருந்தாக. ஒங்க வீட்டு ஆளுகன்னு நெனச்சேன். ஹேண்ட் பிரேக் இல்லேன்னு நீங்கதான சொன்னீக? அதான் அவுக பிரேக்க மிதிச்சுக்கிட்டு இருக்காக, நீங்க எறங்கி வாறீகன்னு... ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பொம்பளையாள எறங்கி ரோட்டுல நில்லுன்னு நான் எப்பிடிச் சொல்றது?"

இதுதான் நடந்தது. ஒரு மாதமாக ஒரு மனிதர் மரியாதைக்காக வாயைத் திறக்கவில்லை. இன்னொரு மனிதர் அதனால் ஒரு காரை உரித்துக்கொண்டிருந்தார்.

ஜலீல் பாயின் மனசில் முதலில் ஓடியது என்ன தெரியுமா? கணக்கு. நாற்பத்தைந்து கிலோ. ஜெயினம்பு கடைசியாக ஆஸ்பத்திரியில் எழுபத்தெட்டு. ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டில் இருக்கிறது.

"அவ இல்ல" என்று ஆரிப்பிடம் அவர் சொன்னபோது, அதில் நிம்மதி இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லையாம்.

ஓடியிருக்கலாம். நான் என்றால் வாடிப்பட்டியில் ரயில் பிடித்திருப்பேன், ரயில் அங்கே நிற்காவிட்டாலும். ஆனால் விடிந்தால் லாரி. கையில் சீட்டு இல்லை. சொன்ன சொல் ஒன்று கழுத்தில் தொங்குகிறது. அவர் காரைச் சுற்றி வலது பக்கம் போனார். ஜன்னலில் பனி படிந்திருந்தது. உள்ளே பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தார். பாச்சா உருண்டை வாசம்.

"அம்மா... ரெண்டே ரெண்டு நிமிசம் எறங்கிக்கிருங்க. எடை போட்டதும் ஏறிக்கலாம். ஒங்கள விட்டுட்டுப் போக மாட்டேன்."

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ரெக்ஸின் சத்தம். ஸ்...

கதவு தானாக, ரொம்பப் பதமாகச் சாத்திக்கொண்டது. டிக்.

பலகையில் எழுநூற்றுத் தொண்ணூறு. மாறவில்லை.

விருமாண்டி இதற்குள் கேபினுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டிருந்தார். மைக்கை அணைக்கத்தான் கை போனது. ஆனால் இருபது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. "மேடைய விட்டும் எறங்கணும் பாய்... மேடைல நின்னா எடையிலதான் சேரும்."

"அம்மா, அந்த வேப்ப மரத்தடிக்குப் போயிருங்க" என்றார் ஜலீல் பாய்.

இரும்புத் தகட்டில் பனி பூத்திருந்தது. அதில் அடிகள் எதுவும் விழவில்லை என்று அவர் சொல்கிறார். எண் மட்டும் இறங்கியது.

எழுநூற்று நாற்பத்தைந்து.

கேபினுக்குள் பிரிண்டர் கர்ர் என்று இழுத்தது. விருமாண்டி ஜன்னல் இடுக்கு வழியாகச் சீட்டை நீட்டினார். ஜலீல் பாய் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார், காந்தம் இருக்கிற அதே பையில். இடது பக்கம் ஏறினார். சாவியைத் திருகினார்.

அப்போதுதான் பயம் வந்தது. அதுவரைக்கும் வேலை இருந்தது. வேலை முடிந்ததும் வந்துவிட்டது. வலது பக்கம் போய்க் கதவைத் திறந்து 'ஏறுங்கம்மா' என்று சொல்ல வேண்டிய மனிதர், கிளட்சை விட்டார். ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

மேடை காலியானது. பலகையில் பூஜ்ஜியம். விருமாண்டி பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று மூச்சு விடுகிற நேரம்.

நாற்பத்தைந்து.

அந்த அம்மா வேப்ப மரத்தடியிலிருந்து திரும்பி, கார் நின்றிருந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

"பாய்..." என்று மைக் கத்தியது. "பாய்... ஆளு நிக்கிறாக பாய்..." அறுத்துப்போட்ட வயல் முழுக்க அந்தச் சத்தம் போனது. ஜலீல் பாய் காதிலும் விழுந்தது. அவர் நிறுத்தவில்லை.

செல்லூர் வரைக்கும் கார் காற்றில் அட்டைப்பெட்டி மாதிரி ஆடிக்கொண்டு வந்தது. ஜன்னலில் பனி இல்லை. வாசம் இல்லை. பேச வாய் வரவில்லை. அவ்வளவு லேசான காரை ஜன்மத்துக்கும் ஓட்டியதில்லை என்றார்.

காலையில் லாரி வந்தது. சீட்டு சென்னைக்குப் போனது. கார் அசல். நிபுணர்கள் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். விக்ரம் போன் செய்து ரொம்ப நேரம் புகழ்ந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜலீல் பாய், "தம்பி, அந்த வண்டில முன்னாடி யாரு உக்காந்து வந்தாக?" என்றார்.

"தாத்தா கடைசியா அதுல மதுரைக்குத்தான் போனாராம். போகும்போது ரெண்டு பேராம். திரும்பி வரும்போது அவர் மட்டும். நடுவுல எங்கயோ 'கொஞ்சம் இறங்கு'ன்னு சொல்லிட்டு வந்துட்டாருன்னு ஒரு பேச்சு. அதுக்கு மேல எங்க வீட்டுல யாரும் பேச மாட்டாங்க."

ஜலீல் பாய் போனை வைத்துவிட்டு, கழுவிய தட்டையே மறுபடி கழுவினார்.

ஒரு வாரம் கழித்து விருமாண்டியிடமிருந்து போன். பகலில் ஒன்றுமில்லை. ராத்திரி இரண்டு இருபதுக்கு மேல் விடிகிற வரைக்கும் காலி மேடையில் நாற்பத்தைந்து நிற்கிறது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு மெஷின் சுத்தம் என்று போய்விட்டார். "நீங்கதான எறக்கி விட்டீக பாய். வந்து கூட்டிட்டுப் போயிருங்க. பாவமாருக்கு... அவுக அசையக்கூட மாட்றாக."

அன்று ராத்திரியே பெரியத்தா தன் மொபெட்டில் போனார். மேடையில் ஏற்றி நிறுத்தி, பின் சீட்டைத் துண்டால் துடைத்து, "ஏறுங்கம்மா, லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்கிருங்க" என்றார். மொபெட்டை மெதுவாக ஓட்டி மேடையை விட்டு இறங்கினார். திரும்பிப் பார்த்தார்.

நாற்பத்தைந்து.

மொபெட்டில் வரமாட்டார்கள். காரில் ஏற்றிக்கொள்வதாக அவர்தான் சொல்லியிருக்கிறார். அந்தக் கார் சென்னையிலிருந்து கப்பல் ஏறி, பிறந்த ஊர்க் கண்காட்சிக்கு இத்தாலிக்கே போய்விட்டது. வருமா என்று விக்ரமிடம் கேட்டார். "இனி அங்கயே மியூசியத்துல இருக்கட்டும்னு குடுத்துட்டேன் பாய்" என்றார் விக்ரம்.

அதற்குப் பிறகு ஜலீல் பாய் செய்ததை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் ராத்திரி மொபெட்டில் போவார். அதை வெளியே, மரத்தடியில் நிறுத்துவார். மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார். விருமாண்டி உள்ளேயிருந்து பலகையைப் பார்ப்பார். நாற்பத்தைந்து, நூற்றுப்பத்தாக மாறும். பாய் வந்துவிட்டார் என்று அர்த்தம். அடுப்பில் டீ போடுவார். மூன்று டம்ளர். ஒன்று தனக்கு, ஒன்று பாய்க்கு. மூன்றாவதை ஜலீல் பாய் தன் வலது பக்கத்தில் தகட்டின் மேல் வைப்பார். அது எப்போதும் ஆறித்தான் போகும்.

"என்னத்தப் பேசுவீக பெரியத்தா?" என்று ஆரிப் கேட்டிருக்கிறான்.

"எல்லாந்தான். சுஃபியா போன் பண்ணுனாளா, இல்லையா... வண்டி எப்ப வரும்னு மட்டும் சொல்லத் தெரியல. 'வரும்மா, கொண்டாந்துருவேன்'னுதான் சொல்லிட்டு வாறேன். ஒரு தடவ பொய் சொன்னது பத்தாதுன்னு."

"பயமா இல்லையா?"

"வீட்டுக்குள்ள போறப்பத்தாண்டா பயமாருக்கு."

மூன்று மாதம் இப்படிப் போனது. பங்குனியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பட்டறையில் ஒரு கதவுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே ஜலீல் பாய் மவுத்தாகிவிட்டார். சுத்தியல் கையில்தான் இருந்தது. இரவு இஷா தொழுகைக்குப் பிறகு அடக்கம். நானும் போயிருந்தேன். பெரியத்தா வீட்டில் ஆரிப் தனியாக இருப்பானே என்று அன்று ராத்திரி அங்கேயே தங்கினேன். இந்தக் கதையில் நான் நேரில் பார்த்தது ஒன்றும் இல்லை. காதால் கேட்டது மட்டும் ஒன்று உண்டு. அதுதான் இது.

இரண்டு ஐம்பதுக்குப் பெரியத்தாவின் போன் அடித்தது. அது ஆரிப் கையில் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"பாய்... எங்க பாய் இருக்கீக?" விருமாண்டி. அவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களில் எவனுக்கும் தோன்றவில்லை.

"அண்ணே, நான் ஆரிப். அவுக அண்ணன் மகன்... தம்பி மகன்." அவனுக்கு உறவே குழம்பிவிட்டது.

"தம்பி! பெரியத்தா எங்க? அரை மணி நேரமா நூத்திப்பத்து காட்டுது. சரி, வந்துட்டாருன்னு டீயப் போட்டுட்டு வெளிய வந்தா ஆளக் காணோம். மரத்தடில மொபெட்டும் இல்ல. எங்கிட்டாச்சும் ஒதுங்கியிருப்பாருன்னா, எடை நிக்குதே தம்பி..."

ஆரிப் என்னைப் பார்த்தான். மொபெட் வாசலில் நின்றது. ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"அண்ணே..." என்று ஆரம்பித்தான்.

"இரு தம்பி. இரு இரு..." போனில் காற்று அடித்தது. டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற சத்தம். "ஏறுது தம்பி... எண் ஏறுது. மேடைல ஒண்ணுமே இல்ல, பாத்துக்கிட்டே நிக்கிறேன்... எண்ணூத்தி அம்பத்தஞ்சு."

எனக்குக் கணக்கு வராது என்பது உங்களுக்கே தெரியும். ஆரிப் பி.காம். அவன் உதடு அசைந்தது. நாற்பத்தைந்தும் அறுபத்தைந்தும் நூற்றுப்பத்து. எண்ணூற்று ஐம்பத்தைந்தில் அது போக...

எழுநூற்று நாற்பத்தைந்து.

போனில் ஒரு சத்தம் கேட்டது. டிக். பதமாகச் சாத்தின கதவு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக்.

டம்ளர்கள் மறுபடி இடித்துக்கொண்டன.

"சைபராயிருச்சு தம்பி" என்றார் விருமாண்டி.

"ம்."

"மூணு டீயும் என் கைலயே இருக்கு."